எழுத்தில் சொல்லாமல் விட்டது

மெர்கோங்கில் எங்கள் வரிசை வீடுகளில் என் வேலை என்னவென்று சரியாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் ஒருநாள் விடாமல் கேட்டார். மற்றவர்கள் எழுதும் கணினி நிரலைப் படித்து, அதில் எங்கே தப்பு இருக்கிறது என்று சொல்வதுதான் வேலை என்றேன். "அடுத்தவங்க கொறைய கண்டுபிடிக்கறதுக்குச் சம்பளமா? ஒனக்கு ஏத்த வேலதான் லா," என்றார். சிரித்துவிட்டேன். அவர் சொன்னதில் பொய்யில்லை. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், கோபம் அதைவிட அதிகம்.

நான் படிப்பது கெர்னல் என்ற அடிமட்ட நிரல். கணினியில் மற்ற எல்லாமே அதன்மேல்தான் ஓடுகின்றன. அதிலும் என் பங்கு ஒரு சின்ன மூலை. ஒரு டிஸ்க்கைச் செருகியவுடன் அதிலுள்ள கோப்புகள் தாமாகத் தெரிந்துவிடுவதில்லை. கெர்னல் அதை முறைப்படி இணைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மவுண்ட் செய்வது என்று பெயர். அப்போது சில நிபந்தனைகளும் சொல்லலாம். படிக்க மட்டும் விடு, எழுத விடாதே. டிஸ்க்கில் பிழை தெரிந்தால் எழுதுவதை உடனே நிறுத்து. இப்படி ஏழெட்டுச் சொற்களைக் காற்புள்ளி போட்டு ஒரே வரியாகக் கொடுப்பார்கள். அந்த வரியை வெட்டி, ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தானா, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பிரித்துப் பார்க்கும் நிரல்தான் என் மூலை.

அதை எழுத ஆசைப்பட்டு இந்தத் தொழிலுக்கு யாரும் வருவதில்லை. சலிப்பூட்டும் நிரல். ஆனால் அங்கே ஒரு சொல் நழுவிவிட்டால் கணினி கத்தாது, நின்றும் போகாது. நீங்கள் கேட்காத ஒன்றைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும். அதனால்தான் அதைப் படிக்க எனக்குப் பிடிக்கும்.

எங்கள் நிறுவனம் சிறிய கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டி செய்து விற்கிறது. அந்தப் பெட்டிக்குள் கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கிவைக்கும் ஃபைல் சிஸ்டம் பழையது. அதன் நிரல் எல்லாரும் பார்க்கும்படி பொதுக் கெர்னலிலேயே இருக்கிறது. அதில் ஓர் எழுத்தை மாற்றுவதானாலும் ஊரறிய மடல் போட வேண்டும். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யாரும் அதைப் படித்து, இது தப்பு, இது அசிங்கம், இதைத் திரும்ப எழுது என்று பதில் போடலாம். எல்லா மடலும் காலத்துக்கும் அங்கேயே கிடக்கும். திருப்தியானால் படித்தவர் தன் பெயரைப் போட்டு ஒரு வரி எழுதுவார்: நான் படித்துப் பார்த்தேன். அந்த வரியை நம்பித்தான் ஐரோப்பாவில் இருக்கும் பொறுப்பாளர் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்வார். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. மடலில் இல்லாத எதுவும் அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

அங்கே எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு. பினாங்கிலிருந்து ஒரு சீன இளைஞர் அனுப்பிய மாற்றத்துக்கு ஒருமுறை பதினான்கு குறை எழுதினேன். கடைசிக் குறைக்குக் கீழே, அனுப்புவதற்கு முன் ஒருமுறையாவது இதை ஓட்டிப் பார்த்தீர்களா என்றும் கேட்டிருந்தேன். பாவம், ஒரு வாரம் பதிலே இல்லை. பிறகு பதினான்கையும் திருத்தி அனுப்பினார். இன்று அவர் எழுதும் நிரலில் குறை கண்டுபிடிக்க எனக்கே நேரமாகிறது.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். கூடப்பிறந்தவர் இல்லை. செமிலிங் பக்கம் ஒரே தோட்டத்துக் குடியிருப்பில் பிறந்தோம். தமிழ்ப் பள்ளியில் என் மூத்த அண்ணனோடு படித்தவர், அதனால் எனக்கும் அண்ணன். டிஸ்க் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தார். அந்தப் பிரிவை மூடினார்கள். நாற்பத்தெட்டு வயதில் வேலையில்லாமல் உட்கார்ந்தவர், நிரல் எழுதப் படித்தார். பாடம் படித்தார் என்றால் சும்மா வீடியோ பார்ப்பதில்லை. நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி, புரியாத இடத்தில் சிவப்பு மையால் கேள்விக்குறி போட்டு வைத்திருப்பார். எங்கள் நிறுவனத்தில் ஆள் தேவைப்பட்டபோது நான்தான் அவர் பெயரைச் சொன்னேன். அப்போது அவருக்கு ஐம்பத்தொன்று. ஒரு வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள்.

அந்த வருடம் முடிவதற்குள் கெர்னலில் ஒரு பெரிய வேலை வந்தது. மவுண்ட் நிபந்தனைகளை வெட்டிப் பிரிக்கும் பழைய முறையை விட்டு, எல்லா ஃபைல் சிஸ்டங்களும் புதிய முறைக்கு மாற வேண்டும். எங்களுடையதை மாற்றும் பொறுப்பு அண்ணனிடம் வந்தது. மேலாளர் அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இது பொதுக் கெர்னலில் சேர்ந்தால் அடுத்த ஒப்பந்தம், சேராவிட்டால் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் பீடோங்கிலும் சுங்கை பட்டாணியிலும் யார் அவருக்கு நிரல் எழுதும் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்? மகள் அப்போது டிப்ளமா இரண்டாம் வருடம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவர் அனுப்பிய மாற்றத்தைத் திறந்தேன்.

அறுநூறு வரி. நன்றாகவே எழுதியிருந்தார். முதல் நாள் காலை முழுவதும் படித்து, ஓர் எழுத்துப்பிழை, இரண்டு இடத்தில் தேவையில்லாத இடைவெளி, ஒரு பழைய குறிப்பு என்று சில்லறைக் குறைகள்தான் கிடைத்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மதியம் சாப்பிட்டு வந்து ரீமவுண்ட் பகுதியைப் படித்தேன். சந்தோஷம் போய்விட்டது.

ஏற்கெனவே இணைத்த டிஸ்க்கின் நிபந்தனையை நடுவில் மாற்றுவதுதான் ரீமவுண்ட். மாமாக் டீக்கடையில் முதலில் தே தாரே, அதாவது இழுத்து ஆற்றிய டீ, சீனி கம்மி என்று சொல்கிறோம். கொஞ்ச நேரம் கழித்து, இன்னொன்று என்று மட்டும் கை காட்டுகிறோம். சீனி கம்மி என்று திரும்பச் சொல்வதில்லை, ஆனாலும் அதே சீனி கம்மிதான் வர வேண்டும். ரீமவுண்ட்டும் அப்படித்தான். மாற்றச் சொன்னதை மட்டும் மாற்றி, சொல்லாததை இருந்தபடியே விட வேண்டும். அண்ணனின் நிரல் சொல்லாத எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. எங்கள் பெட்டி ஓட ஆரம்பிக்கும்போது டிஸ்க்கை முதலில் படிக்க மட்டும் என்று இணைத்து, சோதனை முடிந்ததும் எழுதலாம் என்று ரீமவுண்ட் செய்யும். அந்த நொடியில், பிழை வந்தால் எழுதுவதை நிறுத்து என்ற நிபந்தனை காணாமல் போகும். கெட்டுப்போன டிஸ்க்கில் பெட்டி எழுதிக்கொண்டே இருக்கும். புதிய முறைக்கு மாற்றும் யாரும் செய்யக்கூடிய தப்புதான், சரி செய்ய ஐந்தாறு வரி போதும். ஆனால் இதோடு உள்ளே விடவே கூடாது.

பதில் மடல் எழுத உட்கார்ந்தேன். அந்த மடல் வட்டத்தில் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். நான் பிறந்ததிலிருந்து அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. கையாலும் வரவில்லை. வெறும் வணக்கம் போட்டுச் சில்லறைக் குறைகளை எழுதினேன். ரீமவுண்ட் பகுதிக்கு வந்து, இது தவறு, இந்த நிலையில் சேர்க்கக் கூடாது என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். ஊரே பார்க்க, மூத்தவர் ஒருவரை, நானே கூட்டிவந்தவரை, ஒப்பந்தம் தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படி எழுதுவதா? மேலாளரும் இதையெல்லாம் படிப்பார். எங்கள் ஆட்களில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். பெரியவரிடம் தப்பென்றால் தனியாகக் கூப்பிட்டு, நோகாமல், சுற்றி வளைத்துச் சொல்வதுதான் பழக்கம். அந்தப் பத்தியை அழித்தேன். சில்லறைக் குறைகளை மட்டும் அனுப்பிவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன்.

"அண்ணே, பேசலாமா?"

"சொல்லும்மா. மெயில் பாத்தேன். அவ்ளோதானா?"

"நல்லா வந்திருக்குண்ணே. சின்ன சின்ன விஷயந்தான்."

"அப்பாடா. பயந்துகிட்டே இருந்தேன் லா."

"அந்த ரீமவுண்ட் பக்கம் மட்டும் ஒருவாட்டி பாத்துக்குங்கண்ணே. டைம் இருந்தா."

"ஏன், ஏதும் தப்பா?"

"தப்புன்னு இல்லண்ணே. ஒருவாட்டி பாத்துருங்க, அவ்ளோதான்."

"ஓகே, பாக்குறேன்மா."

அவர் நேராகத்தான் கேட்டார். நான்தான் நேராகப் பதில் சொல்லவில்லை. ஆனால் தொலைபேசியை வைக்கும்போது பெரிய காரியம் ஒன்றைப் பக்குவமாக முடித்த திருப்தி எனக்கு. பினாங்கு இளைஞருக்கு இந்த மாதிரி ஒரு தொலைபேசி அழைப்பு போகவில்லை என்பது அப்போது தோன்றவே இல்லை.

மூன்று நாள் கழித்துத் திருத்திய மாற்றத்தை அனுப்பினார். சில்லறைக் குறைகள் அத்தனையும் சரி. ரீமவுண்ட் பகுதியிலும் கை வைத்திருந்தார். ஒரு விளக்கக் குறிப்பும் ஒரு சின்னச் சோதனையும் புதிதாக இருந்தன. பார்த்துவிட்டார், புரிந்துகொண்டார் என்று முடிவு கட்டினேன். அந்தப் பகுதியை வரி வரியாக நான் படிக்கவில்லை. நேரமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நிறையவே நேரம் இருந்தது. படித்து, தப்பு அப்படியே இருந்தால் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பயந்தேன். நான் படித்துப் பார்த்தேன் என்ற வரியை என் பெயரில் போட்டேன். எனக்குக் கிடைத்த மூன்று பதவி உயர்வுக்காகவும் எழுதாத பொய்யை அண்ணனுக்காக எழுதினேன் என்று அப்போது ஒரு பெருமைகூட இருந்திருக்கும்.

ஒரு வாரத்தில் மாற்றம் உள்ளே போனது. அண்ணனும் அண்ணியும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீடு திரும்பும் நேரம் பார்த்து, ஒரு பை நிறைய ரம்புத்தான் பழத்தோடு வந்து வாசலில் நின்றார்கள். பொதுக் கெர்னலில் தன் பெயர் இருக்கும் பக்கத்தை அண்ணன் கைத்தொலைபேசியில் திறந்து காட்டினார். அண்ணிக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, ஆனால் அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தார். நான்கு மாதத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறார்கள், அது முடிந்ததும் நிரந்தர வேலைக்கான தாள்கள் வருமென்று மேலாளர் சொல்லியிருந்தாராம்.

எங்கள் பெட்டிகளுக்கும் அந்த மாற்றத்தை அனுப்பினோம். மூன்று மாதம் ஒன்றுமில்லை. பிறகு சுங்கை பட்டாணியில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றிலிருந்து புகார் வந்தது. அவர்கள் பெட்டியில் ஒரு டிஸ்க் கெட ஆரம்பித்திருக்கிறது. பெட்டி அதைக் கண்டுகொள்ளாமல் இரண்டு வாரம் எழுதித் தள்ளியிருக்கிறது. நாற்பது கல்யாணங்களின் படங்களில் பாதிக்குமேல் திறக்கவே இல்லை. திறந்த சிலவற்றில் மணப்பெண்ணின் முகம் பாதி, கீழே சாம்பல் பட்டை. அந்தப் படங்களை எங்களுக்கு மாதிரிக்கு அனுப்பியிருந்தார்கள். ஒன்றைப் பார்த்ததுமே எனக்கு எந்த வரி என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்குத் திரை வழிக் கூட்டம். ஐந்து பேர், ஐந்து கட்டங்கள். மேலாளர் கோபப்படவில்லை. ரீமவுண்ட் பகுதியைத் திரையில் போட்டார். இது ரிவியூவில் யார் கண்ணிலும் படவில்லையா என்று கேட்டார். அண்ணனின் முகம் என் முகத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் இருந்தது. அவர், "இது என்னோட தப்பு. நான்தான் எழுதினேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

நான் பேசியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும், முதல் முறையே கண்டேன், மறைத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஊரார் நிரலுக்கெல்லாம் நீட்டிய என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. முன்பு அண்ணனுக்காகப் பேசாமல் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அன்று பேசாமல் இருந்தது எனக்காக மட்டுமே. கூட்டம் முடிந்தது. திருத்தத்தை எழுதச் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் நானே எழுதி அனுப்பினேன். ஆறு வரி.

நான்கு நாள் கழித்து, நிரந்தர வேலை இல்லையென்றும் நீட்டித்த ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறதென்றும் அண்ணனுக்குச் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சொரணை வந்தது. மேலாளருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அவர் பதில் மூன்று வரி. தொலைபேசியில் சொன்னது ரிவியூ ஆகாது. உங்கள் நேர்மைக்கு நன்றி. முடிவில் மாற்றமில்லை. பொது மடல் வட்டத்திலும் அதையே எழுதினேன். தவறு தெரிந்தும் இங்கே எழுதவில்லை, இரண்டாம் முறை படிக்காமலே படித்ததாகப் பெயர் போட்டேன் என்று. ஐரோப்பியப் பொறுப்பாளர், சொன்னதற்கு நன்றி, இனிமேல் இங்கேயே எழுதுங்கள் என்று பதில் போட்டார். எனக்கு வேலை போகவில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூசுகிறது.

சனிக்கிழமை காலை செமிலிங்குக்குக் காரை எடுத்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். அண்ணன் வீட்டு முன்னால், கார் நிறுத்தும் இடத்தில், ரப்பர் குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாம்மா என்றார். அண்ணி நாற்காலி போட்டு, சிராப் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

"அண்ணே, எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றேன். "மொத வாட்டி படிக்கும்போதே தெரியும்."

"தெரியும்மா. நீ க்ரூப்ல எழுதுனத படிச்சேன். அதுக்கு முன்னாடியே புரிஞ்சிருச்சு. ஒருவாட்டி பாருங்கன்னு சொன்ன எடந்தான்னு."

"மீட்டிங்ல ஏண்ணே சொல்லல?"

"என்னான்னு சொல்றது? ஒருவாட்டி பாத்துருங்கன்னு நீ சொன்னதையா? நான் தப்பான்னு கேட்டேன், நீ இல்லன்ன. அதுக்கு மேல என்னா இருக்கு சொல்ல."

தண்ணீர் அவர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குழாயை மூடவில்லை.

"எல்லார் முன்னுக்கும் சொன்னா எனக்கு மாலுவா இருக்கும்னு நெனச்சிட்ட. வெக்கமா இருக்கும்தான், இல்லங்கல. ஃபேக்டரில சூப்பர்வைசர் நூறு பேர் முன்னால கத்துவான். வீட்டுக்கு வந்து சோறு எறங்காது. மறுநாள் போயி அந்த வேலைய ஒழுங்கா செய்வேன். அந்தச் சீனத் தம்பிக்கு நீ பதினாலு பாயிண்ட் எழுதுனத நான் படிச்சிருக்கேன்மா. அதப் படிச்சுத்தான் பாதி விஷயம் கத்துக்கிட்டேன். எனக்கும் அப்படி எழுதுவேன்னு இருந்தேன். நீ ஸ்பெல்லிங் மிஸ்டேக் எழுதி அனுப்புன."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குரல் உயரவே இல்லை.

"இருபத்தாறு வருஷம் நான் பாத்தது கெட்டுப்போன டிஸ்க்கத்தான். எரர் வந்ததுக்கு அப்புறமும் எழுதிக்கிட்டே போனா என்னா ஆவும்னு இங்க யாரவிடவும் எனக்குத் தெரியும். ஒன்னவிடவும் தெரியும். அண்ணே, எரர் செட்டிங் போயிடுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே சரி பண்ணியிருப்பேன். அவ்ளோ செனாங், அவ்ளோ சுலபமான வேலம்மா அது."

"மரியாதைக்காகத்தாண்ணே..." என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. அது பொய் என்று அவருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

"உங்களால சரி பண்ண முடியாதோன்னு பயந்துட்டேன்ணே," என்றேன். "தப்புன்னு எழுதிட்டா, நீங்க திருத்தத் தெரியாம நின்னுருவீங்களோன்னு."

அவர் குழாயைக் கீழே போட்டார். போய்த் தண்ணீரை மூடிவிட்டு வந்தார். அவர் கண் கலங்கியதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"வேல போனதுகூட பரவால்லம்மா. நீ இப்படி நெனச்சதுதான்..." என்றார்.

அதற்குள் அண்ணி கதவருகே வந்து, மீன் கறி கொதிக்கிறது, இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன். அந்த வீட்டில் சாப்பிடாமல் ஒருநாளும் என்னை விட்டதில்லை, எப்போதும் அண்ணியை முந்திக்கொண்டு அவர்தான் சொல்வார். அன்று அவர் துடைப்பத்தை எடுத்துத் தேங்கிய தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார். நான் அண்ணியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.